மாமா பாடாமல் இருக்க வேண்டிய நாள்

என் பெரிய மாமாவின் பாட்டில் அப்படி என்னதான் இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது சலிப்புத்தான். குரல் கரகரத்தது. கிற்றாரின் ஒரு தந்தி எப்போதும் சற்றுத் தளர்ந்தே கிடக்கும். மேளம் இல்லை, கூடப் பாட ஆள் இல்லை. காலடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டுக் குதிகாலால் தட்டிக்கொள்வார், அதுதான் தாளம். பாடுவது ஆங்கிலம். அதிலும் ஒரே வரியை இரண்டு தரம் பாடிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். முதல் தரமே விளங்காத சனத்துக்கு இரண்டாம் தரம் எதற்கு என்று அம்மா கேட்பார்.

மாமா அம்மாவின் அண்ணன். இளம் வயதில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். கப்பலின் சமையற்கட்டில் இருந்த ஓர் அமெரிக்கக் கறுப்பரிடம் ப்ளூஸ் என்ற அந்தப் பாட்டைப் பழகிக்கொண்டார். அறுபது வயதைக் கடந்து ஊர் திரும்பியபோது அவரோடு வந்தவை ஒரு பெட்டியும் அந்தக் கிற்றாரும் மட்டுமே. பெண்சாதி பிள்ளை கிடையாது. வாவிக்கரையில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில் வந்து தங்கினார். சில நாட்களுக்கு என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு அவரால் ஓர் உபகாரமும் இருக்கவில்லை. வேலி சரிந்தால் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு பயிற்றங்கொடியைக் கடித்தால் அதையும் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னேரமானால் பின்வாசலில் உட்கார்ந்து தொடங்கிவிடுவார். உடனே ஆட்கள் வருவார்கள். வலையோடு வீட்டுக்குப் போகிற மீன்காரர் வழியில் நின்றுவிடுவார். காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் துணிமணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்போம், விற்க வந்ததை மறந்து வேலியோரம் குந்திவிடுவார். எங்கள் றேடியோவில் எவ்வளவோ நல்ல பாட்டுப் போகும், அதற்காக ஒருவரும் மோட்டார்சைக்கிளை நிறுத்தியதில்லை.

“வாற சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தியே என்ர சீவன் போகுது,” என்பார் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பெயர். காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு புத்தகத்தின் பக்கத்தைப் புரட்ட முடியாது என்பதை அந்த வருடம்தான் கண்டறிந்தேன்.

அப்போதுதான் அக்காவுக்குச் செங்கலடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். ஆகவே பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கிணற்றை எட்டிப்பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், அறைகளை எண்ணுவார்கள். அம்மா எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். முன்னறை அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும். பின்னறை எனக்கு. மாமா சித்தாண்டியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போகவேண்டியது.

“அண்ணன், கலியாணம் முடிஞ்ச கையோட சித்தாண்டிக்குப் போயிருங்க. தங்கச்சியோட கதைச்சிட்டன்,” என்றார்.

“ஓம்,” என்றார் மாமா.

“ஞாயித்துக்கிழமை அவங்க வாறாங்க. அண்டைக்கு வீட்டில அந்தக் கிற்றாரைத் தொடப்படாது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில ஒப்பாரி கேட்கப்படாது.”

“வீட்டில தொடமாட்டன்.”

எனக்கும் அறை கிடைக்கிற சந்தோசம். அந்த வாரம் முழுவதும் பின்னறையின் வாசலில் நின்று, மேசையை எந்தச் சுவரோடு போடலாம் என்று மாமாவின் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வான் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை, தாய், தகப்பன், இன்னும் இரண்டு உறவுக்காரர். தகப்பன் பதுளை வீதியில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கிணற்றையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. “இரிங்க” என்று அப்பா காட்டிய கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். அம்மா பலகாரத் தட்டை நீட்டினார். அக்கா தேத்தண்ணியோடு வந்து போனாள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் தண்ணீர்ப் பக்கமிருந்து அது கேட்டது. மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். வீட்டில் தொடவில்லை. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு நாலு வளவு தள்ளி, கண்டல் மரங்களுக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு தோணியில் போய் உட்கார்ந்துவிட்டார். வாவித் தண்ணீரின் மேலே சத்தம் எவ்வளவு தெளிவாக வரும் என்பது கப்பலில் இருந்த மனிசருக்குத் தெரியாதா என்று அம்மா பிறகு பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆர் அது?” என்றார்.

“ஆரோ ஒராள்,” என்றார் அம்மா. “பக்கத்து வளவு.”

அவர் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். சரி, காற்றாடப் போகிறார் என்று இருந்தோம். வரவில்லை. சீதனப் பேச்சில் முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். அம்மா என்னை அனுப்பினார்.

நான் போனபோது அவர் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். “அம்மா உங்கள வரட்டாம்,” என்றேன். “வாறன் மகள்,” என்றார். அசையவில்லை. நான் திரும்பி வந்து சொன்னேன். அம்மா அப்பாவை அனுப்பினார். அப்பாவும் வரவில்லை. மாப்பிள்ளை, “நான் கூட்டிக்கொண்டு வாறன் மாமி,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் அப்படியே.

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அக்கா அறைக்குள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே கிளம்பினார். மாப்பிள்ளையின் தாயும் கூடவே வந்தார். நான் பின்னால் ஓடினேன். போகிற வழியிலேயே அம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அது தன் அண்ணன்தான் என்றும், கொஞ்சம் ஒரு மாதிரி ஆள் என்றும், கலியாணத்தோடு சித்தாண்டிக்குப் போய்விடுவார் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் கேட்டதாகத் தெரியவில்லை. “மூத்தவன் போனதுக்குப் பிறகு வீட்டில றேடியோ போட விடமாட்டார், மச்சாள்,” என்றார். “கோயில்ல மேளம் அடிச்சாக்கூட ஒழும்பி வந்திருவார். இவர் பாட்டுக் கேட்டு எவ்வளவு காலம்.”

அம்மா நடையைக் குறைத்தார். மூத்த மகன் மத்திய கிழக்குக்குப் போயிருப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலும் பலர் போயிருந்தார்கள்.

தோணியடியில் மூன்று ஆண்களும் வரிசையாக மணலில் இருந்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வயதாகிவிட்டதால் அவருக்கு வரியின் கடைசி வரை மூச்சு வருவதில்லை. பாதியில் நின்றுவிடும். மீதியைக் கிற்றாரில் இழுத்து முடிப்பார். மூச்சில்லாதவர் பாடுவதை விடவேண்டியதுதானே என்பது என் எண்ணம்.

“குரல் நிண்ட இடத்தில பாட்டை விட்டிரல்ல, பார்த்தீங்களா?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். “மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.”

அப்பா தலையாட்டினார். எரிச்சல் தாங்கமுடியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வீட்டிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த ஏச்செல்லாம் இப்போது வெளியே வரும் என்று காத்திருந்தேன். அம்மா பாட்டு முடியும் வரை நின்றார். மாமா கண்ணைத் திறந்து, எங்கள் எல்லாரையும் கண்டு, களவில் பிடிபட்டவர் போலக் கிற்றாரைப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய சாமான் அவருக்குப் பின்னால் மறையவில்லை.

பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா புதிதாகத் தேத்தண்ணி ஊற்றினார். பேச்சு வேகமாக முடிந்தது. ஆவணியில் நாள் பார்ப்பது என்றார்கள். வானில் ஏறும்போது மாப்பிள்ளையின் தகப்பன் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“உங்கட அண்ணன் இனி எங்க இருப்பார்?”

“இஞ்சதான்,” என்றார் அம்மா. “வேற எங்க போறது? பின்னறை அவருக்குத்தான்.”

வான் போனதும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சித்தாண்டி என்னவாயிற்று, என் மேசையை எங்கே போடுவது என்று கேட்டேன். “வாயை மூடு புள்ள. மாமா மத்தியானமும் தின்னல்ல. சோத்தைப் போட்டுக் குடு,” என்று அம்மா என்மீது எரிந்து விழுந்தார். நான் சோற்றுக் கோப்பையை மாமா முன்னால் டங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டதால்தான் அம்மா அப்படிச் சொல்லவேண்டி வந்தது, இல்லையென்றால் கலியாணம் குழம்பியிருக்கும் என்று பல காலம் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார், தேத்தண்ணி ஊற்றி அலுத்த நேரங்களில் இன்னும் உரத்துச் சொன்னார். ஆனால் நாள் முடிவாகி, வெற்றிலையும் போட்டு, வானின் இயந்திரமும் ஓடத்தொடங்கிய பிறகுதான் அந்த மனிதர் அதைக் கேட்டார். அப்போது அவரிடம் நிபந்தனை ஒன்றும் இருக்கவில்லை. சும்மா ஒரு கேள்விதான். என்ன பதிலைச் சொல்லியிருந்தாலும் கலியாணம் நடந்திருக்கும்.