மலைப்பாம்புத் தோலும் மஜகாவ் சீனக் கோயிலும்

நம் படிப்பகத்துக் கையெழுத்து இதழில் எலிபெண்டா போனவர்கள் எழுதிவிட்டார்கள். நாசிக் போனவர்களும் எழுதிவிட்டார்கள். நான் போனது அவ்வளவு தூரம் இல்லை. தாராவியிலிருந்து ஆறேழு மைல்தான். சீனப் புத்தாண்டு அன்று மஜகாவில் இருக்கும் சீனக் கோயிலுக்குப் போய் வந்தேன். போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். எனக்கு வாயால் சொல்ல வராது என்பது இதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அங்கே என் தோழி லின் இருந்தாள். முன்பு தாதரில் அவள் அப்பா செருப்புக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில், வீட்டில் தைத்த செருப்பு மேல்தோல்களை நான்தான் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். கடையின் பின்னறையில் லின் எர்ஹூ வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச்சே இருக்காது. பேசாமல் இருப்பதற்காக என்னைக் கோபிக்காத ஒரே ஆள் அவள்தான்.

எர்ஹூவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஆறு பக்கமுள்ள மரப்பெட்டி, அதன் முகத்தில் மலைப்பாம்புத் தோல், மேலே ஒரு நீளமான கம்பு, இரண்டே தந்திகள். வயலின் வில்லைத் தனியாக எடுத்து வைக்கலாம். இதில் முடியாது. வில்லின் முடி இரண்டு தந்திகளுக்கும் நடுவே புகுந்து அங்கேயே கிடக்கும். விரலை அழுத்தப் பலகையும் கிடையாது, தந்தியை வெறும் காற்றில்தான் அழுத்த வேண்டும்.

சீனச் சண்டை நடந்த வருடம் யாரோ கடைமேல் கல் எறிந்தார்கள். ஒரு கல் எர்ஹூவின் தோலைக் கிழித்துவிட்டது. லின் வீட்டார் கடையை மூடிவிட்டு, தங்கள் ஆட்கள் இருக்கும் மஜகாவுக்கே போய்விட்டார்கள். போகிற அன்று லின், "உங்கள் தாராவியில் இல்லாத தோலா? எனக்கு ஒரு மலைப்பாம்புத் தோல் கொண்டு வா" என்றாள். (நாங்கள் பேசுவது பம்பாய் இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.) சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு எனக்குத் தோழி யாரும் அமையவில்லை.

இப்போது நான் கைப்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். மார்கழியில்தான் எங்கள் பட்டறைக்கு முதன்முதலாக மதராஸிலிருந்து பதம் போட்ட மலைப்பாம்புத் தோல் வந்தது. வெட்டியது போக மிஞ்சிய ஒரு துண்டை மேஸ்திரி அண்ணாச்சியிடம் கேட்டேன். கேட்க மூன்று நாள் ஆயிற்று.

"பாம்புத் தோலு ஒனக்கு எதுக்குட்டி? மாப்பிளைக்கி பர்சு தைக்கியோ?" என்று அண்ணாச்சி சிரித்தார். பட்டறையே சிரித்தது. லின் பெயரைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அந்தச் சீனாக்காரன் மகளா? அவுக பண்டிகை முடிஞ்சதும் ஆங்காங்குக்குக் கப்பல் ஏறுதாகன்னு கேள்விப்பட்டேன். குடுக்கணும்னா வெரசாக் குடுத்துரு."

அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. தோலை மடித்துக் காதோரம் வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் போடாத தோல்தான் நல்ல தோல். மொடமொடத்தால் ஆமணக்கெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். லின்னுக்கு மட்டமானதைக் கொடுக்கலாமா? தினமும் வேலை முடிந்ததும் அந்தத் துண்டை எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் அது பட்டுத்துணி மாதிரி மடிந்தது. காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

புத்தாண்டன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். அம்மா தெரு முனை வரை வந்தாள். "ஏட்டி, வாயத் தொறந்து வழி கேப்பியா? இல்ல ரயிலுலயே போய்க்கிட்டு இருப்பியா?"

தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் நடந்தே போகலாம், அரை மணி நேரம். துறைமுக லைன் வண்டியில் ஏறி டாக்யார்ட் ரோடில் இறங்க வேண்டும். வழியெல்லாம் அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். டிக்கெட் ஜன்னலில் அது வெளியே வரவில்லை. பின்னால் இருந்தவன் "அரே, ஜல்தி!" என்று கத்தினான். வரிசையில் இருந்த ஒரு மாட்டுங்கா மாமி என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கடீ போணும் கொழந்தே? நாக்க முழுங்கிட்டியா?"

"டாக்யார்ட்" என்றேன்.

"அவ்ளோதானே! இதுக்கா இப்படி வேர்க்கறது?" மாமியே டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். இருபது பைசா. பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். அந்த நேரத்துக்கு உட்கார இடம் கிடைக்கும்.

டாக்யார்ட் ரோடில் இறங்கியபின் வழி கேட்க வேண்டியதில்லை. தாளச் சத்தத்தைப் பின்பற்றிப் போனாலே போதும். ஒரு பெரிய வெண்கலத் தட்டு, ஜால்ரா, தடித்த மத்தளம். நம் ஊர்க் கோயில் கொடைக்கு அடிப்பதைவிட மெதுவாகத் தொடங்கி, சிங்க வேஷம் போட்டவர்கள் ஆட எழுந்ததும் தலைதெறிக்க ஓடுகிறது. கோயில் சின்ன மாடி வீடு மாதிரிதான் இருக்கிறது. சிவப்புக் காகிதம், ஊதுபத்திப் புகை, ஆரஞ்சுப் பழங்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை. செருப்பைக் கழற்றினேன், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே கழற்ற வேண்டாமாம்.

லின் மாடிப்படிக்குக் கீழே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"மூன்று வருடம்" என்றாள்.

நான் பொட்டலத்தை நீட்டினேன்.

பக்கத்து அறையில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. மறுநாள் கப்பல். எர்ஹூ மட்டும் ஆணியில் தொங்கியது. கிழிந்த தோலுக்குப் பதில் எண்ணெய்க் காகிதம் ஒட்டியிருந்தாள். அதைப் பிய்த்தெடுத்து, என் தோலைப் பெட்டியின் வாயில் இழுத்துப் பிடித்து, விரலால் தட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது.

அவள் மாமா ஒருவர் வாசலில் நின்று பார்த்தார். கப்பலில் சமையல்காரர். "தோலைப் பதம் போட்டு எண்ணெய் வேறு குடிக்க வைத்திருக்கிறாயே! வாத்தியத்துக்குப் பதம் போடாத பச்சைத் தோல் வேண்டும், அம்மா. ஜப்பான்காரன் பூனைத் தோல் இழுத்துக் கட்டுவான். கொரியாக்காரன் இதே மாதிரி ஒன்றுக்குத் தோலே வேண்டாமென்று மரத்தகடு வைப்பான். பர்ஸைக் கட்டி வாசிக்கிறவன் ஒருவனும் இல்லை!"

லின் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி கொண்டுவர இன்னொரு நாள் இல்லை. நான் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கெட்டில் கண்ணில் பட்டது. பட்டறையில் யாராவது தோலைக் கொதிநீர்ப் பக்கம் கொண்டுபோனால் அண்ணாச்சி அடிக்காத குறையாகத் திட்டுவார். வெந்நீர் பட்டால் பதம் போட்ட தோல் சுருங்கி விறைத்துவிடும், பிறகு எதற்கும் ஆகாது.

"கொதிக்கிற தண்ணீர்" என்றேன். நானாக வாயைத் திறந்து கேட்டது அந்த நாளில் அது ஒன்றுதான்.

மெழுகு நூலும் ஊசியும் எப்போதும் என் பையில் இருக்கும். தோலின் ஓரத்தைச் சுற்றித் தைத்து, பெட்டியோடு இழுத்துக் கட்டினேன். லின் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மாமா சொட்டுச் சொட்டாகக் கொதிநீர் ஊற்றினார். எண்ணெய் கசிந்து வழிந்தது. தோல் கருத்து, சுருங்கி, நூலை இழுத்தது. செதில்கள் கோணிக்கொண்டன. நான் அத்தனை நாள் தேய்த்து மெருகேற்றியதெல்லாம் போயிற்று. ஊதுபத்திக் குண்டத்தின் அனலில் காட்டி, மதியச் சாப்பாடு வரை காய வைத்தோம். (நீளமான நூடுல்ஸ் தருவார்கள், வெட்டாமல் சாப்பிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

பிறகு லின் தட்டினாள். டொக் என்றது.

தந்தியை முறுக்கி வில்லை இழுத்தாள். சத்தம் வந்தது. ஜலதோஷம் பிடித்தவர் பாடுகிற மாதிரி, கம்மிய குரல். வெளியே சிங்கம் ஆடிக்கொண்டிருந்தது, பட்டாசு வேறு. வாசலில் நின்ற மாமாவுக்கே கேட்கவில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் நகர்ந்து உட்கார்ந்து பெட்டியருகே காதை வைத்தேன். கடைப் பின்னறையில் வாசிப்பாளே, அதே மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் சும்மா நிறுத்துவாள், முடிந்துவிட்டது என்று நினைப்போம், பிறகு தொடங்குவாள். அன்றும் நிறுத்தினாள். நான் காதை எடுக்கவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். அவளுக்குச் சீன எழுத்து மட்டும் தெரியும், எனக்குத் தமிழ் மட்டும். அதனால் விலாசம் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் படி வரை வந்து, ஒரு ஆரஞ்சைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வண்டி காட்டன் கிரீன் தாண்டியபோதுதான் விடைபெற ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று நினைவு வந்தது. பெட்டியில் யாரும் என்னோடு பேசவில்லை. ஆரஞ்சை நான் உரிக்கவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் தெருவில் நடக்க முடியாது. சிங்க ஆட்டமும் தாளமும் எல்லோருக்கும் கேட்கும். எர்ஹூ இனி அங்கே இருக்குமா, தெரியாது. எங்காவது வாசிக்கக் கண்டால் தூரத்தில் நிற்காதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். யாருக்காவது தோல் கொண்டுபோவதாக இருந்தால் பச்சைத் தோலாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள், எண்ணெய் போடாதீர்கள்.

பட்டறையில் இன்றும் தோலை மடித்துக் காதில் வைத்துத்தான் பார்க்கிறேன். மொடமொடத்தால் முன்பெல்லாம் உடனே எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பேன். இப்போது கொஞ்சம் கேட்டுவிட்டு எடுக்கிறேன். "என்னட்டி, தோலு கதையா சொல்லுது?" என்கிறார் அண்ணாச்சி. நான் அடுத்த தோலை மடிக்கிறேன்.