வைரத்தின் பக்கத்தில் அம்மா

எழுதிப் பழக்கமில்லை எனக்கு. இங்கே எல்லாரும் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவேன். இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்...

ஏசி குளிரில் அம்மா தலையிலிருந்து வந்த பிச்சிப்பூ வாசனை. ஆய்வகத்தின் முதல் வருடத்தை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

தூத்துக்குடியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வேலை உளுந்தைவிடச் சிறிய ஒரு வைரத் துணுக்கோடு. பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். மைக்ரோவேவ் அலைவரிசையை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், உள்ளே சின்னக் காந்த ஊசிகள் மாதிரி இருக்கும் எலக்ட்ரான் ஸ்பின்கள் ஓரிடத்தில் அதற்கு இசைந்து திரும்பும். அங்கே ஒளி குறைந்து, திரையில் ஓடும் கோட்டில் ஒரு குழி விழும். பக்கத்தில் காந்தமோ இரும்போ வந்தால் குழி நகரும். அவ்வளவுதான் எங்கள் சென்சார்.

அன்று பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. குழி ஆடாமல் நின்றால் ப்ராஜெக்ட் தொடரும். இல்லையென்றால் நான் சொந்த ஊர் ஆறுமுகநேரிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் விடியற்காலைக் கல்யாண முகூர்த்தம் ஒன்றை முடித்துவிட்டு அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தாள். என் கைடு சார் அவளை உள்ளேயே, வைரம் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் குழி நகர ஆரம்பித்தது.

"ஹார்பர் ரோட்டுல கண்டெய்னர் லாரி போகுதோ?" என்றார் சார். சீனியர் செல்வின் அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. போன், சாவி, வாட்ச் எல்லாம் வெளியே போயின. அண்ணன் பெல்ட்டையும் கழற்றினார்.

"ஏலே, பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டேவா டெமோ காட்டப்போற?" என்றார் சார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குழி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது...

"ஏளா, இதுக்குள்ளயா வைரம் கிடக்கு? ஒண்ணும் தெரியலையே." அம்மா பெட்டியின் மேல் குனிந்தாள். குழி ஓடியது. நிமிர்ந்தாள். திரும்பி வந்தது.

அவள் தாலிச் செயினில் கொத்தாக ஊக்குகள் தொங்கின. எங்கள் வீட்டில் யாரும் அதை இரும்பு என்று நினைத்ததே கிடையாது. தாலி எப்படியோ அப்படி. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள்.

காதருகில் போய்ச் சொன்னேன். சட்டென்று செயினைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தாலியில கிடக்கதக் கழத்தச் சொல்லுதியா?"

"இல்லம்மா... கொஞ்சம் தள்ளி..."

"வேண்டாம். என்னால உன் வேலை போவக் கூடாது. நான் வெளிய நிக்கேன்."

குழு வந்தது, பார்த்தது, கேள்வி கேட்டது. குழி அசையவில்லை. அவர்கள் போனதும் ஓடினேன். கேட் பக்கத்து வெயிலில், தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"ஒண்ணும் ஆவலயே?"

ப்ராஜெக்ட் தொடர்ந்தது. இப்போது வைரத்தைச் சுற்றிக் காந்தத்தைத் தடுக்கும் கூடு இருக்கிறது. வெளியே வைக்க வேண்டியவை என்று கதவுப் பலகையில் போன், சாவியோடு ஊக்கும் எழுதியிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அன்றைய பயமெல்லாம் போய்விட்டது...

அம்மா மட்டும் அதன்பிறகு வரவேயில்லை. "நான் வந்தா மிஷின் கெட்டுப்போவும்" என்கிறாள். கெடவில்லை. அவ்வளவு சின்ன இரும்பைக்கூட உணர்ந்ததே, அதற்காகத்தான் அதைச் செய்தோம். நான் சொன்னால் மகள் சமாதானம் சொல்லுகிறாள் என்று நினைக்கிறாள்.

அடுத்த வாரம் ஆய்வகத்தை எல்லாருக்கும் திறந்து காட்டுகிறோம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது... ஆறுமுகநேரியிலிருந்து வருகிறவர்கள் யாராவது, என் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவீர்களா?