கொல்லையில் முளைத்த அரசாங்கச் சொத்து

ஜோகுபாளையத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில், கறிவேப்பிலை மரத்தை ஒட்டி ஒரு சந்தன மரம் இருந்தது. யாரும் நட்டதில்லை, ஏதோ பறவையின் கைங்கரியம். தொண்ணூறுகளில் கர்நாடகத்தில் சந்தனம் யார் வீட்டில் முளைத்தாலும் அது அரசாங்கத்துடையது. தண்ணீரும் காவலும் மட்டும் நம்முடையவை. நம் வீட்டில் தங்கி நம்மிடமே வாடகை கேட்கிற விருந்தாளி.

ஒருநாள் காலையில் பார்த்தால் அடிமரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வைரம் பாய்ந்திருக்கிறதா என்று திருடர்கள் துளைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த முறை ரம்பத்தோடு வருவார்கள்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே மின்னுகிற கல் காலில் பட்டால் முதலில் போய்ச் சொன்னவன் தப்பித்தான், சொல்லாதவன் திருடன். அந்தப் பழக்கத்தில் நேராக வன இலாகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். கன்னடத்தில் மனு எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் போனேன். மரத்தை நீங்களே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். மேலிடத்து உத்தரவு வரவேண்டும், அதுவரை மரம் தொலைந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றார் அதிகாரி.

உத்தரவுக்கு முன்னால் ரம்பம் வந்தது.

மாமாவைப் போலீஸ் கூட்டிப்போய் நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்தது. ஓட்டை போட்டது உனக்கு எப்படித் தெரியும், யாருக்கு விற்றாய் என்று கேள்வி. நான் அழகாக எழுதிக்கொடுத்த மனுவே அவருக்கு எதிரான சாட்சி. வாங்கியவன் யார் என்று ஒருவரும் தேடவில்லை. அந்தக் கட்டை இந்நேரம் அத்தராகவோ, ஷோரூம் யானையாகவோ, ஏதாவது விழா மேடையில் பெரிய மனிதர் கழுத்து மாலையாகவோ ஆகியிருக்கும். வெட்டியவனுக்குக் கூலி. நடுவில் நின்றவனுக்கு மாடி வீடு. வளர்த்தவனுக்கு பெஞ்சு.

சந்தனம் அழிவதற்குக் காரணம் மனிதனின் பேராசை என்று நானே பத்திரிகையில் உருகியிருக்கிறேன். அது பாதிதான். மரத்தில் துளி உரிமையும் தராமல், போனால் மட்டும் உன் கழுத்து என்றால், எவன் மரத்தின் பக்கம் நிற்பான்?

கேஸ் இல்லை, கூப்பிட்டால் வரணும் என்று சொல்லி மாலையில் அனுப்பினார்கள். மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். வெட்டுப்பட்ட அடிமரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சந்தனக் கன்றுகள். ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"பச்சப்புள்ளைங்க மாதிரி இருக்குதுங்க, விடுங்களேன்" என்றாள் அக்கா.

"பெருசானா ஸ்டேஷனுக்கு நீ போறியா?"

மாமா நிமிராமலே என்னைக் கூப்பிட்டார். "மச்சான், தொட்டிக்குப் பின்னால ரெண்டு இருக்கு பாரு."

போய்ப் பிடுங்கினேன். மழை பெய்த மண், வேரோடு வந்துவிட்டது.