கடைவரம்பில் பிரின்சியின் எட்டு சென்ட்

காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் காலையில் பேத்தி பிரின்சி போன் பண்ணினாள். நான் வாங்கிக் கொடுத்த எட்டு சென்ட் மனையில் இரண்டு சென்டை வாய்க்கால் வெட்ட விட்டுக் கொடுக்கப் போகிறாளாம். மறுநாள் கிராம சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. போனில் பேசித் தீர்க்கிற காரியமாகத் தெரியவில்லை. இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவளைத் தடுக்கத்தான் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுசீந்திரம் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களும், என்றோ வாங்கிப் போட்டதை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு உதவுமென்று வழியையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழைகளைப் பிரின்சி திருத்தியிருக்கிறாள். கருத்தைத் திருத்த நான் விடவில்லை.

எங்கள் வீடு குலசேகரத்தை அடுத்து, பேச்சிப்பாறை அணைக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சானல், அணையிலிருந்து வரும் கால்வாய், ஓடுகிறது. அன்று கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குலசேகரத்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பேருந்துக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். அவசரம் என்றால் காசு கொடுத்து வேறு பேருந்தில் போங்கள். நான் அவசரத்திலும் காசு கொடுக்காதவள். தக்கலை வழியாக நாகர்கோவில் வடசேரி வந்து சேர ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று.

வழியெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். வில்லுக்குறி தாண்டியதிலிருந்து வயலுக்கு நடுவே கல் நட்ட மனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு, அதில் ஏதாவது ஒரு நகர் என்று பெயர். வளைவுக்கு உள்ளே ஆளுயரப் புல். விற்பனைக்கு என்று எழுதின பலகையில் போன் நம்பர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பாதியில் நின்ற வீடுகளின் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றன.

மனை விலை ஏறிக்கொண்டிருந்த நாளில் நானும் வாங்கினேன். ஐம்பது சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்று, பிரின்சி பேருக்கு எட்டு சென்ட் எழுதினேன். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு நகையோடு ஒரு துண்டு நிலமும் கொடுப்பது வழக்கம். ஊரில் எல்லோரும் அதையே செய்தார்கள். குடியிருக்க வாங்கினவர்கள் குறைவு, மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கினவர்கள்தான் அதிகம். பிறகு வளைகுடாவிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். பல மனைகளுக்கு அனுமதி சரியில்லை என்று பத்திரப்பதிவு நின்றது. ஒருவர் விற்க, அவரைப் பார்த்து அடுத்தவர் விற்க, வாங்க ஆளில்லாமல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. நிலம் போதாது, மேற்கொண்டு நகை போடு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு நின்றுபோன கல்யாணங்கள் எனக்கே தெரியும்.

வடசேரியிலிருந்து சுசீந்திரத்துக்கு இன்னொரு பேருந்து. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் நூற்றிருபதுக்கு வருவார்கள், நான் பேசினேன். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். பிரின்சியின் நகர் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"அஞ்சு வருசம் முன்னால வந்திருந்தா ஒங்கள ஏசி கார்ல கூட்டிட்டுப் போயிருப்பேன் பாட்டி. அப்ப நான் அங்க புரோக்கராக்கும். எனக்கும் அஞ்சு சென்ட் கெடக்கு."

காரை விற்று இந்த ஆட்டோவை எடுத்தாராம். யாரிடமெல்லாம் மனை விற்றாரோ அவர்களில் பாதிப்பேர் இப்போது இவர் ஆட்டோவில் ஏறுவதில்லை. சொந்த மச்சானும் அதில் ஒருவர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிரின்சியின் நகரில் நாற்பது மனைகள் உண்டு. குடியிருப்பது மூன்று வீட்டில், அதில் ஒன்று பிரின்சி கட்டினது. ரோடு இல்லை, தெருவிளக்கு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கொடிகளும் பழைய ஊர் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும், மூன்று வீட்டு ஓட்டுக்கு யாரும் சேற்றில் இறங்குவதில்லை. விளக்கில்லாததால் யாரும் குடிவருவதில்லை. குடிவராததால் விளக்கும் வருவதில்லை. பிரின்சி நாகர்கோவிலில் நர்ஸ். மாப்பிள்ளை மஸ்கட்டில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போன் வெளிச்சத்தில் வீடு திரும்புகிற பெண் அவள்.

நான் போனபோது அவள் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்புற வயலில் ஒருவர் நாற்றங்காலைப் பார்த்தபடி நின்றார். தாணு என்று பேர், என் வயதுதான். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீங்க வெள்ளத்தைப் பாத்துட்டு வாறீங்க. நாங்க பாத்து பத்துப் பூவாச்சு அக்கா."

பூ என்றால் ஒரு போகம், வருசத்துக்கு இரண்டு. இவருடையது கடைவரம்பு நிலம். அணையிலிருந்து வரும் தண்ணீர் கடைசியாகச் சேருமிடம். மனை போட்டபோது வாய்க்காலை மண்ணடித்து மூடி அதன் மேல் கல் நட்டுவிட்டார்கள். வாய்க்கால் போன தடத்தில் ஆறு மனைகள் நிற்கின்றன, அதில் பிரின்சியுடையது முதலாவது. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நடவுக்கு, கிணற்று நீர் ஊற்றி வளர்த்த நாற்று தயார். வயல் வெடித்துக் கிடந்தது. அந்த மனைகளுக்கு நிலம் விற்றது இவர் தம்பி. முன்பணத்துக்கு மேல் தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒருவர் கோயில் கொடைவிழாவுக்கு வரி கொடுத்தால் மற்றவர் கொடுப்பதில்லை. ஊரே மனைக்காரர், வயல்காரர் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மனைக்காரர் ரோடு கேட்டால், வாய்க்காலை அடைத்தவர்களுக்கு ரோடா என்று வயல்காரர் எழுந்து தடுத்துவிடுவார்கள். இரண்டு கிராம சபையில் அப்படித்தான் ஆயிற்று.

பிரின்சி வந்ததும் கஞ்சி குடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினேன். எட்டு சென்ட் முழு மனையாக இருந்தால் என்றாவது விலை வரும், குறைத்துவிட்டால் எவனும் வாங்க மாட்டான் என்று சொன்னேன்.  நாளைக்கு நீங்களும் வாங்க பாட்டி என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கப் போனாள். என் மகனைப் போலத்தான், முடிவெடுத்தபின் சத்தம் போட மாட்டாள்.

கிராம சபை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூடியது. மனைக்காரர் பக்கத்தில் முன்வரிசை முழுக்க ஆண்கள். அப்பாக்கள், மாமனார்கள், அண்ணன்மார். மனைகளைப் பிரித்து விற்றவரும் அவர்களோடு நின்றார். அடுத்த தேர்தலில் அவர் வார்டுக்கு நிற்கப் போகிறார் என்று பேச்சு. வாய்க்கால் விஷயம் வந்ததும் முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, முடியாது என்றார்கள். நிலம் யார் பேரில் என்று ஊராட்சி செயலர் கேட்டார். ஒருவர் மகள் பேரில் என்றார், அடுத்தவர் மருமகள் பேரில் என்றார்.

வயல்காரர் பக்கமிருந்து ஒரு அம்மா, "அப்ப நீங்க இரிங்க. மக நிக்கட்டும்" என்றாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் நான்கு பெண்கள் எழுந்து நின்றார்கள். பிரின்சிதான் முதலில். வெளிநாட்டில் இருந்த மற்ற இருவரும் சம்மதித்துவிட்டார்கள் என்று சொன்னாள். வாய்க்காலுக்குத் தேவையான நிலத்தை ஆறு பேரும் விடுகிறோம், அதோடு ரோட்டுக்கும் விளக்குக்கும் தீர்மானம் போடுங்கள் என்றாள்.

மனை விற்றவர் பொறுமையாகத்தான் பேசினார். "மக்ளே, முழு பிளாட்டா வச்சிருந்தா என்னைக்காவது வெல வரும். கொறச்சா எவனும் வாங்க மாட்டான்."

ராத்திரி நான் சொன்னதேதான், ஒரு சொல் மாறவில்லை. அதை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு என்னவோ போல இருந்தது.

"வாங்காண்டாம் அண்ணா. நான் விக்கப் போறதில்ல. இருக்கப் போறேன்" என்றாள் பிரின்சி.

அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "பாட்டி, நீங்க சொல்லுங்க. ரப்பர வித்துக் குடுத்தது நீங்கல்லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரின்சி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டுமென்றால் அதுதான் நேரம். தடுத்திருந்தால் அவள் கேட்டும் இருப்பாள், அப்படி வளர்ந்த பிள்ளை. எனக்கு நாற்றங்கால் ஞாபகம் வந்தது. இருட்டில் பிள்ளையோடு வருகிற வழியும் ஞாபகம் வந்தது.

"பணம் என்னுது. பத்திரம் அவளுது. எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கீங்க?" என்றேன்.

வயல்காரர் பக்கம் கைகள் எழுந்தன. தாணு கை தூக்கினார். மரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற அவர் தம்பியும் தூக்கினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தீர்மானம் நிறைவேறியது. மனை விற்றவர் கூட்டம் முடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரசு வேலை நடக்கும்போது நடக்கட்டும், நாற்று காத்திருக்காது என்று மறுநாள் விடிந்ததுமே பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். முதலில் பிரின்சி மனையின் முன்பக்கச் சுற்றுச்சுவரை உடைக்க வேண்டும். ரப்பர் ஷீட் விற்ற காசில் நான் கட்டின சுவர் அது. யாரும் கை வைக்காமல் என்னைப் பார்த்து நின்றார்கள்.

"கேட்டை மொதல்ல கழத்தி மாத்தி வைங்க மக்கா, இரும்பாக்கும்" என்றேன். அதன்பிறகுதான் வேலை தொடங்கியது. ஆட்டோக்காரரும் வந்து மண் சுமந்தார். மூன்றாம் நாள் மதியம் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. தாணு செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இதை எழுதுகிற நாள்வரை விளக்குக் கம்பம்தான் வந்திருக்கிறது, விளக்கு வரவில்லை. விலையும் ஏறவில்லை. ஆனால் பாதியில் நின்ற இரண்டு வீட்டில் மறுபடி பூச்சு வேலை நடக்கிறது. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை, மடை திறக்கிற முறையை மட்டும் பிரின்சி வழியாகச் சொல்லி அனுப்பிக்கொள்கிறார்கள்.

மனை பார்க்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். விற்பவரிடம் கேட்பதைப் பக்கத்து வயல்காரரிடமும் கேளுங்கள். ராத்திரி எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். சுசீந்திரத்திலிருந்து திரும்புவதற்கு மாலை ஐந்துக்கு முன் கிளம்பினால் குலசேகரம் பேருந்துக்கு அலைய வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, பேத்திக்கு இப்போது எத்தனை சென்ட் மிச்சம் என்று கேட்டாள். எட்டுதான் என்றேன். ஆறில் வீடு நிற்கிறது. இரண்டில், எங்கள் வீட்டுப் பின்னால் ஓடுகிற தண்ணீர் போகிறது.