மிஞ்சாத சூப்

அதிகம் படிக்காத நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில், ஜெர்மனியின் டியூசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானியரின் மலிவான நூடுல்ஸ் கடையில் கோப்பை கழுவினேன். அவருக்கு அப்படி மூன்று கடைகள். மெலிந்த மனிதர்; கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் வரமாட்டார். வந்ததும், ருசி எப்படியென்று அறிய, கழுவாத கோப்பைகளில் எவ்வளவு சூப் மிஞ்சியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பெடியனான சமையல்காரன் உப்பைக் கூட்டிவிட்டான்.

“அண்ணை, அவர் வாறதுக்கு முன்னம் மிச்சத்தை ஊத்திப்போடுங்கோ. என்ர வேலை போயிடும்.”

ஊற்றினேன்.

முதலாளி வெறுங்கோப்பைகளைப் பார்த்தார். “மற்றக் கடைகளில் கொஞ்சமாவது மிஞ்சும். இங்கே ஒருவரும் மிச்சம் வைக்கவில்லையா?” என்று ஜெர்மனில் கேட்டார். நான் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். பானையிலிருந்து ஒரு கரண்டி குடித்துவிட்டுப் போனார். கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் கழுத்துப்பட்டியைக் கழற்றிவைத்து, சமையல்காரனுக்குப் பக்கத்தில் நின்று, உப்பைத் தானே அளந்து போட்டு, சூப் காய்ச்சினார்.