கோணலாகப் போட வேண்டிய கார்ப்பெட்

நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்கூடத்துக்குக் கார்ப்பெட் வாங்குவதென்று நானும் என் தம்பியும் முடிவு செய்திருந்தோம். அலங்காரத்துக்கு இல்லை. பள்ளிவாசலில் விரிப்பார்களே, ஆட்கள் நிற்பதற்கு வரிசைக்கு ஒரு கோடு போட்டது, அந்த மாதிரி. இந்த வருடம் எங்கள் தகப்பனார், அத்தா, எங்களோடு ஒன்றாக நின்று வீட்டிலேயே தொழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

அத்தாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து நடக்க முடிகிறது, ஆனால் தரையில் உட்கார்ந்து நெற்றி வைக்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். பள்ளிவாசலில் நாற்காலிக்காரர்களுக்குக் கடைசி வரிசையின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் இடம். வந்து போக வசதியாக இருக்கட்டுமென்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தா கோப்பெங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் பின்னறையில் லோரி டிரைவரும் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியும் இன்னும் இரண்டொரு குடும்பமும் கூடும்போது முன்னால் நின்று தொழவைத்தவரும் அவர்தான். ஒருநாள் பள்ளிவாசலில் இருந்து வந்து, "செருப்பு அடுக்குற எடத்துக்கிட்ட உக்காந்துட்டு வாரேன்" என்றார். அதோடு சரி. வெள்ளிக்கிழமை தவிர அந்தப் பக்கமே போவதில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தொழுவார். அந்தச் சாத்திய கதவைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே அவர் முணுமுணுத்து ஓதுவது மட்டும் கேட்கும்.

ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அளவு டேப்போடு வந்தான். ரொட்டி சானாய் வீசுகிற வேகத்தில்தான் அவன் எல்லா வேலையும் செய்வான். சோபா, மேசை, மீன் தொட்டி எல்லாவற்றையும் என் அறைக்குள் தள்ளிவிட்டான். டிவி அலமாரியைச் சுவரோரமாக நகர்த்தினான். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவன் சுவரோடு டேப்பை இழுத்துக்கொண்டே போனான்.

"நீளம் பதினெட்டு அடி, அகலம் பன்னெண்டு. சிம்பிள் லா அக்கா."

உடனே கடைக்குப் போன் போட்டு அளவையும் சொல்லிவிட்டான். "முன்னால ஆம்பளைங்க, நடுவுல புள்ளைங்க, பின்னால பொம்பளைங்க. தாராளமா நிக்கலாம். அத்தா, உங்க நாக்காலிய எங்க போடலாம்?"

கூடத்து ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தா தலையை நிமிர்த்தவில்லை. "என்னையக் கணக்குல சேக்காதீங்க. நான் ரூம்லயே தொழுதுக்குவேன். நடுவுல நாக்காலி வந்தா வரிசை கோணிப் போயிரும்."

தம்பி என்னைப் பார்த்தான். யாருக்காக வாங்குகிறோமோ அவரே வேண்டாம் என்றால் அந்தக் கார்ப்பெட்டில் என்ன இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அத்தாவிடம் கோபப்பட்டு எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை.

அதற்குள் அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. என் அறையில் காலை வைக்க இடமில்லை. சரியென்று கூடத்திலேயே முசல்லாவை விரித்துத் தொழுதேன். முடித்துவிட்டு விரிப்பை மடிக்கக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். தம்பி எடுக்காமல் விட்டுப் போன டேப் சுவரோடு நேராகக் கிடந்தது. என் முசல்லா அதற்குக் கோணலாக, டிவி இருந்த மூலையைப் பார்த்துக் கிடந்தது.

எங்கள் தெரு வீடுகளைக் கட்டியவர் மலையைப் பார்த்துக் கட்டினார். சுண்ணாம்பு மலை தெரிந்தால் வீடு விற்கும், நாங்கள் முகம் வைத்துத் தொழும் கிப்லா எந்தத் திசையில் இருந்தால் அவருக்கு என்ன. குடிவந்த நாளிலிருந்து நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் முசல்லாவைக் கோணலாகத்தான் போடுகிறோம். கை தானாகத் திருப்பிப் போடும். கைக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை. தொழுவதற்கென்று கார்ப்பெட் வாங்கப் போன இரண்டு பேரும், சோபாவுக்கு வாங்குகிறவர்கள் மாதிரி சுவரோடு சுவராக அளந்திருக்கிறோம்.

"தம்பி, இங்க வா. நீ அளந்தபடி கோடு விழுந்தா, நம்ம எல்லாரும் பக்கத்து வீட்டு குசினி அடுப்பப் பாத்துத்தான் தொழணும்."

அவன் டேப்பைப் பார்த்தான், முசல்லாவைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அய்யோ, ஓடர் குடுத்துட்டேனே."

"வெட்டிட்டானா?"

"இன்னும் இருக்காது."

"அப்ப சிரிக்காம போன் போடு."

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். கைப்பேசியில் திசை பார்த்து, ராஃபியா கயிற்றைக் குறுக்காக இழுத்துத் தரையில் ஒட்டினோம். வரிசைகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறின. நாலு மூலையிலும் முக்கோணமாகத் துண்டு மிஞ்சியது.

டிவி இருந்த மூலையைத் தம்பி காலால் காட்டினான். "இது வேஸ்ட் அக்கா. மொத வரிசைக்கும் முன்னால போகுது. ஒரு ஆளுக்கு மேல நிக்க முடியாது."

சொல்லி முடித்ததும் அவனே அந்த மூலையில் போய் நின்று பார்த்தான். எல்லா வரிசைக்கும் முன்னால், ஒரே ஒரு ஆள் இருக்கிற இடம். அது முன்னால் நின்று தொழவைக்கும் இமாமுடைய இடம். அங்கே நாற்காலி போட்டால் எந்த வரிசையும் கோணாது.

அத்தாவின் பேப்பர் அசையவில்லை. தம்பி குரலைத் தாழ்த்தி, "உக்காந்து தொழவைக்கலாமான்னு பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட முன்னமே கேட்டு வச்சேன். கூடும்னாரு. ஆனா இவரு ஒத்துக்கணுமே" என்றான்.

"நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா வீம்புக்கே மாட்டேம்பாரு."

இந்தக் கோணல் கணக்கைப் போனில் விளக்க முடியாதென்று, ஒரு தாளில் வரைந்துகொண்டு இருவரும் காரில் கடைக்குப் போனோம். கடைக்காரர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நிறையத் துண்டு வீணாகும் என்று எச்சரித்தார். பரவாயில்லை, முன்மூலைத் துண்டை மட்டும் பிசகாமல் வெட்டுங்கள் என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பயமாகவே இருந்தது. அவர் மறுத்துவிட்டால் அந்தத் துண்டை நான் தினமும் பெருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அத்தாவின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாற்காலி இல்லை. அது கூடத்தின் முன்மூலையில், நாங்கள் ஒட்டிய கயிற்றுக்கு முன்னால், கிப்லாவைப் பார்த்து இருந்தது. அத்தா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்கால்களுக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால நிக்கிறவன் நெத்தி வச்சா இடிக்காது" என்றார், எங்களைப் பார்க்காமலே. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுக்கும் சேத்துத்தானே வெட்டச் சொன்னீங்க?"

தம்பிதான் சொன்னான்: "மொதத் துண்டே அதுதான் அத்தா."

அத்தா தலையை ஆட்டிவிட்டு, முகம் கை கால் கழுவி ஒளு எடுக்கப் போனார். கார்ப்பெட் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றிருந்தார்கள். தம்பி கயிற்றுக்குப் பின்னால் ஒரு முசல்லாவை விரித்தான், அவனுக்குப் பின்னால் நான் என்னுடையதை விரித்தேன். கண்ணீரை நான் துடைக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இத்தனை நாள் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்த குரல், அன்றைக்கு முன்னாலிருந்து கேட்டது.