தடுப்பில் மூன்று தட்டு

முப்பத்தொன்று. பெரிய டீச்சரின் வகுப்பில் இப்போது இருக்கும் நான்கு வயதுக்காரர்களின் எண்ணிக்கை இது. போன வருடம் பதினெட்டு. நடுவில் ஓர் ஆசிரியை வேலையை விட்டுப் போக, ஆள் கிடைக்கும் வரை என்று சொல்லி இரண்டு வகுப்புகளைச் சேர்த்தார்கள். ஆள் கிடைத்தபாடில்லை.

பெரிய டீச்சர் உருவத்தில் சின்னவர். அனுபவத்தால் வந்த பட்டம் அது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டாலே, திரும்பிப் பார்க்காமல் யாருடைய மூக்கு என்று சொல்லிவிடுவார். வகுப்புக் குரல் வீட்டுக்கும் கூடவே வரும். பேருந்து ஓட்டுநரான கணவர் சாப்பிட உட்கார்ந்தால், கை கழுவியாச்சா, காட்டுங்க என்பார். அவரும் இரண்டு பக்கமும் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்கியவர் இவர்தான். வகுப்புகளுக்கு நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. பொறுமை போய், கத்திவிடுவோமோ அழுதுவிடுவோமோ என்று ஒரு டீச்சருக்குத் தோன்றினால் அதில் மூன்று முறை தட்ட வேண்டும். பக்கத்து டீச்சர் நடுக்கதவைத் திறந்துவைத்து இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வார். தட்டியவர் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. எல்லாரும் தட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பக்கத்து டீச்சர் ஒரே நாளில் இரண்டு முறை தட்டியதும் உண்டு. பெரிய டீச்சர் மட்டும் தட்டியதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வருடம் வீட்டுக்கு வந்ததும் அவர் பேச்சில்லாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். கணவர் கையை நீட்டிக் காட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை.

"நீ என்னைத் திட்டி ஒரு மாசமாச்சு. எனக்கே பயமா இருக்கு."

"புள்ளைங்க டீச்சர்னு கூப்பிட்டாலே எரிச்சலா வருதுங்க. இதை வச்சிக்கிட்டு இந்த வேலையில இருக்கக் கூடாது. மாசக் கடைசியில எழுதிக் கொடுத்துடறேன்."

அன்று பாத்திரங்களைக் கணவரே கழுவினார்.

அடுத்த செவ்வாய், குழந்தைகள் பெயிண்டில் படம் வரையும் நாள். ஒருவன் நீலத் தண்ணீர்க் கிண்ணத்தை டீச்சர் மடியில் கவிழ்த்துவிட்டுச் சிரித்தான். வகுப்பே சிரித்தது. அவன் தோளைப் பிடிக்கக் கை போனது. பிடித்தால் வலிக்கப் பிடிப்போம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கையைத் திருப்பித் தடுப்பில் மூன்று முறை தட்டினார்.

பக்கத்து வகுப்பில் பாட்டு நின்றது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். "உஷ்" என்று மட்டும் கேட்டது. இன்னொரு தடவை தட்டியதும் கதவு திறந்து, இரண்டு பொடிசுகள் கைகோத்தபடி வந்து நின்றன.

"சாரி பெரிய டீச்சர். இனிமே சத்தமா பாட மாட்டோம்."

அவர் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டதற்கு ஏன் அழுகிறார் என்று புரியாமல் ஒரு பொடிசு ஓடிப்போய்ச் சொல்ல, பக்கத்து டீச்சர் பதறி வந்தார்.

"நீங்க தட்டுவீங்கன்னு தோணவே இல்லக்கா. எங்க சத்தம்தான் தாங்கலையோன்னு நெனச்சேன்."

"எனக்கே தோணல. நீ இங்க பாத்துக்கோ."

முகம் கழுவப் போகவில்லை. நீலக் கறையோடு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"முப்பத்தொரு பேரை என்னால பாத்துக்க முடியல மேடம்."

அதற்கு முன் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இழுக்கிற மாட்டுக்குத்தான் பாரம் ஏற்றுவார்கள். இவர் எப்படியும் சமாளிப்பார் என்ற தைரியத்தில்தான் ஆள் தேடுவதைத் தள்ளிப்போட்டதாகத் தலைமையாசிரியையும் ஒப்புக்கொண்டார். வேலையை விடும் பேச்சு அந்த அறையில் எழவே இல்லை.

வரும் திங்கள்கிழமை வகுப்பு மறுபடி இரண்டாகப் பிரிகிறது. புதிய ஆள் வரும் வரை ஒரு வகுப்பைத் தலைமையாசிரியையே எடுக்கிறார்.